இரவல் போகும் இறுவட்டும் மகளின் வருமானமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் சிறுகதைகளை வாசித்து ஒலிப்பதிவு செய்து இறுவட்டாக வெளியிடப்போகிறாள் என்று சொன்னீர்கள். "நூலகம் ஓர் இறுவட்டை வாங்கி வைத்தால் திருகோணமலையே இரவல் எடுத்துக் கேட்டுவிடும், அப்புறம் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்ற உங்கள் பயம் நியாயமானதுதான்.

நம் இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒலிப்பதிவை வாடகைக்கு விடும் உரிமையை உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறது. ஆனால் இலாபம் கருதிக் கொடுப்பதுதான் அங்கே வாடகை. பொது நூலகத்தின் இலவச இரவல் அதற்குள் வராது. ஆகவே நூலகம் வாங்கும்போது கொடுக்கும் விலையோடு சரி, ஒவ்வொரு இரவலுக்கும் தனியாகப் பணம் வராது.

சில நாடுகளில் வரும். 1946 இல் டென்மார்க் இதைத் தொடங்கியது. பிரித்தானியாவில் 1979 இல் சட்டம் வந்து, 1984 இல் எழுத்தாளர்களுக்கு முதல் கொடுப்பனவு போனது. இறுவட்டில் உள்ள ஒலிநூல்கள் 2014 இல்தான் சேர்ந்தன. அதில் எழுத்தாளரோடு வாசித்தவருக்கும் பங்கு உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம். பணத்தை அரசு கொடுக்கிறது, இரவல் எடுப்பவர் அல்ல. ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுணுக்கு மேல் கிடைக்காது. பாட்டு இறுவட்டுகளுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஜேர்மனியில் இசைக்கும் உண்டு, அங்கே உரிமைச் சங்கங்கள் வழியாகப் பங்கிடுகிறார்கள். ஆனால் பிரித்தானியத் திட்டத்தில் சேர அங்கேயோ ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளிலோ வசிக்கவேண்டும். திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு மகள் விண்ணப்பிக்க முடியாது.

அதனால் நூலகத்தை எதிரியாக நினைக்காதீர்கள். புதுக் குரலை நாலு பேர் கேட்கும் இடம் அது. என் கவலை வேறு. முன்பு என்னிடம் வந்த ஒரு பிள்ளை, ஒலிப்பதிவுக்கூடம் நீட்டிய தாளில் "சகல உரிமைகளும்" என்ற வரியைக் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டாள். ஒரு தடவைக் கூலியோடு அவள் குரல் கைமாறிவிட்டது. நாளைக்கு எந்த நாட்டில் எந்தக் கொடுப்பனவு வந்தாலும், உரிமையை எழுதிக் கொடுத்தவர் அதைக் கேட்டுப் பெறுவது கடினம்.

இன்னொன்று, மகள் வாசிக்கும் கதைகள் யாருடையவை? எழுதியவர் இறந்து 70 ஆண்டு ஆகும்வரை பதிப்புரிமை இருக்கும். எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடங்கவேண்டாம்.

படிப்பைப் பொறுத்தவரை, குரலை மட்டும் நம்பி விடவேண்டாம் என்பேன். இந்த உரிமை விடயங்களில் அவளுக்கு ஆர்வம் இருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டம் படிக்கலாம். இலங்கை நூலகச் சங்கத்தின் நூலக, தகவல் விஞ்ஞான டிப்ளோமாவும் நல்ல வழி. நூலகமும் பதிப்புரிமையும் சேர்த்து அறிந்த தமிழர் நமக்கு இன்னும் நிறையத் தேவை.

சனிக்கிழமை மகளோடு வாருங்கள். ஒலிப்பதிவுக்கூடம் கொடுத்த ஒப்பந்தத் தாளையும் எடுத்துவாருங்கள். அதுவரை அவள் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.