தோல் உரிந்ததற்கு இத்தனை கலவரமா?

கேள்வி: வீட்டுத் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு ஜீப்ரா மீன்கள் வளர்க்கிறேன். தொட்டியைக் கழுவும்போது ஒன்று கைவலையில் சிக்கி, விலாவில் தோல் உரிந்துவிட்டது. அதைத் திரும்ப விட்டதும் மற்றவை அடியில் போய் ஒடுங்கிவிட்டன. தீனி போட்டும் வரவில்லை. காயத்தைப் பார்த்தா பயந்தன?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பார்த்து அல்ல, முகர்ந்து. கெண்டை, கெளுத்தி வகையறாக்களின் மேல்தோலில் சில செல்கள் உண்டு. உங்கள் ஜீப்ரா மீனும் கெண்டைக்குச் சொந்தம்தான். அந்தச் செல்களுக்கு வெளியே திறக்க வாசல் கிடையாது. தோல் கிழிந்தால்தான் உள்ளே இருப்பது தண்ணீரில் கலக்கும். மற்ற மீன்களுக்கு அந்த வாடை போதும்.

இதைக் கண்டவர் கார்ல் வான் ஃபிரிஷ். தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்து 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அடையாளத்துக்காகச் சிறு காயம் செய்த ஒரு மீனைக் கூட்டத்தில் விட்டார். கூட்டமே சிதறி ஓடியது. 1938-இல் அதை எழுதினார்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியபோது இதைச் செய்து காட்டுவேன். ஒரு வருடம் ஒரு மாணவன், “சொட்டுக்குழாயின் நிழலுக்குத்தான் பயப்படுகின்றன, சார்” என்றான். நியாயமான சந்தேகம். அதே குழாயால் முதலில் வெறும் தண்ணீர் விட்டோம். தீனி என்று நினைத்து மேலே வந்தன. பிறகு, செத்த மீனின் நகக்கண் அளவுத் தோலை அலசிய தண்ணீர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை: நெருக்கியடித்துக்கொண்டு அடிக்குப் பாய்ந்து, துடுப்பைக்கூட அசைக்காமல் கிடந்தன. அவன் அதற்குப் பிறகு பேசவில்லை.

வட அமெரிக்காவில் பைக் என்றொரு மீன் உண்டு (மோட்டார் பைக் அல்ல). நம் விராலைப் போலப் பதுங்கிப் பாயும். அதைப் பார்த்தே இராத சிறு மீன்களும், கிழிந்த தோலின் வாடையோடு பைக்கின் வாடையையும் ஒரே ஒரு முறை சேர்த்து முகர்ந்தால், பிறகு பைக்கின் வாடைக்கே ஒளிகின்றன. எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாத மாணவர்களை மேய்த்த எனக்கு இதில் கொஞ்சம் பொறாமைதான்.

காயம்பட்ட மீன் தியாகம் செய்து எச்சரிக்கிறது என்று கதை கட்டிவிடாதீர்கள். அது எதையும் சொல்லவில்லை. அதன் தோல் கிழிந்தது, மற்றவை தெரிந்துகொண்டன. கிருமிகளிடமிருந்து தோலைக் காக்கவே அந்தச் செல்கள் முதலில் தோன்றியிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

தண்ணீரில் பாதியை மாற்றுங்கள், மிஞ்சிய தீனியை எடுத்துவிடுங்கள், விளக்கை அணையுங்கள். அந்த வலையைக் கழுவாமல் வேறு தொட்டியில் விட வேண்டாம்.