உள்ளுறுப்புகளுக்கு நரம்பு எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

நாம் நினைக்காமலே இதயம், குடல், சுரப்பிகள் போன்றவற்றின் வேலையைக் கட்டுப்படுத்தும் தானியங்கு நரம்பு மண்டலம் பற்றிக் கேள்வி அனுப்பிய அனைவருக்கும் வணக்கம். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்களுக்கான மருந்தையும் அதன் அளவையும் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். எந்த நரம்பு எந்த வழியாகப் போகிறது, அதனால் உடலில் என்ன நேர்கிறது என்பதை இங்கே பேசுவோம்.

கேள்வி (செவிலியர் கல்லூரி மாணவி): ஐயா, எந்த உறுப்புக்கு எந்த நரம்பு என்ற அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் தேர்வில் மறந்துவிடுகிறது. புரிந்துகொண்டு படிக்க வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. அட்டவணையை மூடி வைத்துவிட்டு இரண்டு விஷயங்களை மட்டும் கேளுங்கள். நரம்பு மூளையையோ தண்டுவடத்தையோ விட்டு எங்கே வெளியே வருகிறது? அந்த உறுப்பு கருவில் எங்கே உருவானது?

தானியங்கு நரம்புகள் இரண்டு வகை: உடலை அவசரத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்புகள், ஓய்வையும் செரிமானத்தையும் கவனிக்கும் எதிர்ப்பரிவு நரம்புகள். பரிவு நரம்புகள், தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் முதல் கண்டத்திலிருந்து (கண்டம் என்பது தண்டுவடத்தின் ஒரு பிரிவு) இடுப்புப் பகுதியின் இரண்டாம் கண்டம் வரை மட்டுமே புறப்படுகின்றன. கழுத்துப் பகுதியிலிருந்து ஒன்றுகூடக் கிளம்புவதில்லை. ஆகவே கண்ணுக்கான பரிவு நரம்பு மார்பில் புறப்பட்டு, நுரையீரலின் உச்சியை ஒட்டி மேலேறுகிறது. கழுத்தின் மேற்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சில் அடுத்த நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கிறது. அங்கிருந்து அந்த நரம்பணுவின் இழை கழுத்துத் தமனியைப் பற்றிக்கொண்டு கண்ணுக்குப் போகிறது. நுரையீரல் உச்சியில் புற்றுக்கட்டி வந்த ஒருவருக்கு அதே பக்கத்து இமை சற்றுத் தாழ்ந்து, கண் பாவை சுருங்கி, முகத்தின் அந்தப் பாதி வியர்க்காமல் இருக்கும். இந்தப் பாதை தெரிந்தவர் கண்ணைப் பார்த்ததும் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்.

எதிர்ப்பரிவு நரம்புகள் இரண்டு முனைகளில் புறப்படுகின்றன. மேலே மூளைத்தண்டிலிருந்து 3, 7, 9, 10ஆம் கபால நரம்புகளோடு வருகின்றன. கீழே தண்டுவடத்தின் அடிப்பகுதியான சேக்ரல் பகுதியில் 2, 3, 4ஆம் கண்டங்களிலிருந்து வருகின்றன. பத்தாவதான வேகஸ் நரம்பு கழுத்து, நெஞ்சு, வயிறு என்று இறங்கிக் குறுக்குப் பெருங்குடலின் மூன்றில் இரண்டு பங்கு வரை செல்கிறது. அதற்குக் கீழே உள்ள பெருங்குடல், சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பு எல்லாம் சேக்ரல் நரம்புகளின் பொறுப்பு. ஒரே குடலில் ஏன் இந்த எல்லைக்கோடு என்றால், கருவில் நடுக்குடலும் பின்குடலும் சேரும் இடம் அதுதான்.

இரண்டாவது விஷயம் இன்னும் அழகானது. வெளியூருக்குக் குடிபோனாலும் குடும்ப அட்டையைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பவரைப் போல, உறுப்பு எங்கே இடம்பெயர்ந்தாலும் உருவான இடத்து நரம்பைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. விரைகள் கருவில் வயிற்றின் பின்சுவரில் உருவாகிப் பிறகு கீழே இறங்குகின்றன. கிரிக்கெட் பந்து அங்கே பட்டால் ஆட்டக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவது அதனால்தான். இப்படி ஒவ்வொரு உறுப்பையும் அதன் பயணத்தோடு சேர்த்துப் படியுங்கள். மனப்பாடம் தேவைப்படாது.

கேள்வி: மாரடைப்பு வந்தால் இடது கை ஏன் வலிக்கிறது? என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வலியே இல்லாமல் மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்று ஈசிஜி பார்த்துச் சொன்னார்கள். அது எப்படி?

பதில்: இதயத்தின் வலியைச் சுமந்து வரும் இழைகள் பரிவு நரம்புகளோடு சேர்ந்து பின்னோக்கிப் பயணித்து, தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் முதல் நான்கைந்து கண்டங்களுக்குள் நுழைகின்றன. கையின் உட்புறத் தோலிலிருந்து வரும் உணர்வும் அவற்றில் முதல் இரண்டு கண்டங்களுக்கே வருகிறது. ஒரே நரம்பணுவில் இரு செய்திகளும் வந்து விழும்போது, அன்றாடம் தோலிலிருந்தே செய்தி கேட்டுப் பழகிய மூளை, வலி கையில் என்று எண்ணிக்கொள்கிறது. குடல்வால் அழற்சி தொப்புளைச் சுற்றி வலியாகத் தொடங்குவதும் இதே கணக்குதான். குடல்வாலும் தொப்புள் தோலும் மார்புப் பகுதியின் பத்தாம் கண்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வீக்கம் வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகே வலி வலது அடிவயிற்றுக்கு நகர்கிறது.

நீண்ட காலச் சர்க்கரை நோய் பாத நரம்புகளைப் போலவே உள்ளுறுப்பு நரம்புகளையும் அரிக்கிறது. வலியைச் சொல்ல வேண்டிய இழையே சிதைந்திருந்தால், மாரடைப்பின்போதும் திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், இனம் புரியாத அசதி மட்டுமே தெரியும். உங்கள் அப்பாவுக்கு இனி இப்படி ஏதாவது வந்தால் வாயுக்கோளாறு என்று இஞ்சிச்சாறு கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: கை, கால்களுக்கு எதிர்ப்பரிவு நரம்பு உண்டா?

பதில்: கிடையாது. தோலின் ரத்தக் குழாய், வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால் தசை ஆகியவற்றுக்குப் பரிவு நரம்பு மட்டுமே. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பரிவு நரம்பின் கடைசி இழை பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரந்து உறுப்புக்குச் செய்தி சொல்லும். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் இழை மட்டும் அசிட்டைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அடுத்த கேள்விக்கு இது உதவும்.

கேள்வி (விவசாயக் குடும்பம்): மருந்து தெளித்துவிட்டு வந்த என் மாமா வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டார். மருத்துவமனையில் அட்ரோபின் ஊசியை மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அத்தனை ஊசி எதற்கு?

பதில்: அவர் பிழைத்தது பெரும் நிம்மதி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தாக இருக்க வேண்டும். எதிர்ப்பரிவு நரம்பு முனை அசிட்டைல்கோலினைச் சுரந்து உறுப்பை இயக்குகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். அந்த நொதியைத்தான் இந்த மருந்து முடக்குகிறது. அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்குகிறது. அதன் பிறகு உடல் முழுவதும் எதிர்ப்பரிவு நரம்பின் வரைபடத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம். பாவை குண்டூசி முனையாகச் சுருங்குகிறது. கண்ணீரும் எச்சிலும் வழிகின்றன. மூச்சுக்குழாய் இறுகி உள்ளே சளி பெருகுகிறது. இதயத் துடிப்பு குறைகிறது. மலமும் சிறுநீரும் தானாக வெளியேறுகின்றன. வியர்வை சொட்டச் சொட்ட நனைகிறார்கள். சற்றுமுன் சொன்ன விதிவிலக்கின் விளைவு அது.

அட்ரோபின், உறுப்புகளில் அசிட்டைல்கோலின் அமரும் ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, சளியின் கரகரப்பு அடங்கி, துடிப்பும் ரத்த அழுத்தமும் நிமிரும் வரை அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூச்சுதான் என்பதால் கவனமெல்லாம் நெஞ்சின் மேல்தான் இருக்கும். கை, கால், மூச்சுத் தசைகளின் தளர்ச்சியை அட்ரோபின் சரிசெய்யாது. அங்கே இருக்கும் ஏற்பி வேறு வகை. சிலருக்குச் செயற்கை சுவாசக் கருவி தேவைப்படுவது அதனால்தான்.

நம் வேலியோரத்து ஊமத்தையிலும் அட்ரோபின் இருக்கிறது. அதன் காயைத் தின்ற குழந்தைக்கு எல்லாம் தலைகீழாக நடக்கும்: பாவை விரியும், வாய் உலரும், தோல் காய்ந்து சிவக்கும், இதயம் படபடக்கும், பிதற்றல் வரும். இரண்டுமே ஆபத்தானவை, ஒன்றுக்கு மற்றொன்றை வீட்டில் மருந்தாகக் கொடுக்க யாரும் நினைக்கவே கூடாது. தெளிக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அணியச் சொல்லுங்கள். தோல் வழியாகவும் இந்த மருந்து உள்ளே போகும்.

கேள்வி: எனக்கு வயது 68. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது.

பதில்: சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கிப் பிடிப்பது பரிவு நரம்பு. அந்தப் பிடியைத் தளர்த்தவே இந்த மாத்திரை. எழுந்து நிற்கும்போது காலில் ரத்தம் தேங்காமல் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் பரிவு நரம்புதான், ஐயா. அங்கேயும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. எழும்போது கட்டிலின் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுங்கள். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை அறுவைசிகிச்சைக்குப் போகும் நாள் வந்தால் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பாவையை விரிக்கும் தசையையும் இது தளர்த்தும் என்பதால் அவர் முன்னேற்பாடு செய்துகொள்வார்.

கேள்வி: மாற்று இதயம் பொருத்தும்போது நரம்பை வெட்டிவிடுகிறார்களே, பிறகு எப்படித் துடிக்கிறது?

பதில்: துடிப்பு இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது, நரம்பு வேகத்தை மட்டும் மாற்றுகிறது. தனியே விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வில் 70 என்று இருப்பது வேகஸ் நரம்பு ஓயாமல் இழுத்துப் பிடிப்பதால். மாற்று இதயம் 90, 100 என்று ஓடுவதில் வியப்பில்லை. படி ஏறினால் ரத்தத்தில் வரும் அட்ரினலினுக்காகக் காத்திருந்து மெதுவாக வேகமெடுக்கும்; உட்கார்ந்த பிறகும் மெதுவாகவே தணியும்.

நரம்பு இதயத்தோடு ரசாயனம் மூலம் பேசுகிறது என்பதை 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி காட்டினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதிலிருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் விட்டார். யாரும் நரம்பைத் தொடாமலே அதுவும் தளர்ந்தது. 1936இல் ஹென்றி டேலோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வளவு எளிய கருவிகளோடு இவ்வளவு தெளிவான விடை கண்ட சோதனை அபூர்வம். வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கேள்வி: வேகஸ் நரம்பைத் தூண்டினால் எல்லா நோயும் தீரும் என்று வீடியோக்கள் வருகின்றனவே?

பதில்: மெதுவாக மூச்சை வெளியே விடும்போது துடிப்பு குறைவது வேகஸின் வேலைதான். மனப் பதற்றம் தணிய அது உதவும், தாராளமாகச் செய்யுங்கள். அதை வைத்துச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட தம்பியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சில சமயம் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது, முகம் சிவந்து வியர்க்கிறது என்கிறான். வெயிலாலா?

பதில்: அம்மா, இதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். மார்புப் பகுதியின் ஆறாம் கண்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலோ மலம் இறுகினாலோ காயத்துக்குக் கீழே உள்ள பரிவு நரம்புகள் கட்டுப்பாடின்றிக் கிளர்ந்து வயிற்று ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்கு ஏறும். அடக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே இறங்க முடியாது.

உடனே தம்பியை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். இடுப்பு வார், இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நகம் உள்வளர்ந்திருப்பதோ படுக்கைப் புண்ணோகூடக் காரணமாக இருக்கலாம். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழைத்து, தண்டுவடம் அடிபட்டவர், ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். இதுவரை வந்தவை தானே தணிந்திருந்தாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.