சர்வோ நடுங்கினால் முதலில் கரண்டைப் பாருங்கள்

கே: அர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டு போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே எஸ்ஜி90 சர்வோவை, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டாரை, ஓட்டுகிறேன். ஒன்று நன்றாக ஓடுகிறது. மூன்றை மாட்டினால் எல்லாமே நடுங்குகின்றன, போர்டும் ரீசெட் ஆகிறது. புரோகிராமில் தப்பா?

புரோகிராமைத் தொடாதீர்கள். இந்த நடுக்கத்துக்காக நாள்கணக்கில் புரோகிராமைத் திருத்திச் சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்ஜி90 சும்மா நிற்கும்போது சில மில்லிஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும்போதும், எங்காவது சிக்கிக்கொண்டாலும் 600, 700 வரை இழுக்கும். மூன்றும் சேர்ந்து கிளம்பினால் 2 ஆம்பியர். ஊனோவின் யுஎஸ்பி வழியில் இருக்கும் ஃபியூஸோ 500 மில்லிஆம்பியருக்கானது. வோல்டேஜ் சரிந்ததும் போர்டு ரீசெட் ஆகும், எழுந்ததும் மூன்றையும் திரும்பக் கிளப்பும், மறுபடி சரியும்.

5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள். அதன் பிளஸ் சர்வோக்களின் சிவப்பு வயருக்கு, மைனஸ் பழுப்பு வயருக்கு. அந்த மைனஸிலிருந்து இன்னொரு வயரை அர்டுயினோவின் ஜிஎன்டி (கிரவுண்ட்) பின்னுக்குக் கொண்டுபோங்கள். பலரும் மறப்பது இதைத்தான். ஆரஞ்சு வயரில் வருவது 1 முதல் 2 மில்லிசெகண்ட் நீளமுள்ள பல்ஸ், கோணத்தைச் சொல்லும் மின்துடிப்பு; இரண்டு பக்கத்துக்கும் கிரவுண்ட் ஒன்றாக இல்லாவிட்டால் சர்வோவால் அதைச் சரியாகப் படிக்க முடியாது. சர்வோக்களுக்குப் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள். பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

கே: 9 வோல்ட் சதுர பேட்டரி போதுமா?

போதாது. அதன் உள்மின்தடை அதிகம், மோட்டார் இழுத்ததும் படுத்துவிடும். ரீசார்ஜ் செய்யும் ஏஏ நிக்கல் செல் நான்கைத் தொடராக மாட்டினால் 4.8 வோல்ட் கிடைக்கும். எஸ்ஜி90க்கு அளவெடுத்தது போல இருக்கும்.

கே: 360 டிகிரி சர்வோ வாங்கினேன். சொன்ன கோணத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

அது பெரும்பாலும் தொடர்ந்து சுற்றும் வகை. அதற்குக் கோணம் தெரியாது. புரோகிராமில் 90 என்று எழுதினால் நிற்கும், மற்ற எண்கள் வேகமும் திசையும். வண்டிச் சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கோணத்துக்கு 180 டிகிரி வாங்குங்கள்.

கே: 15 செ.மீ. ரோபோ கை, நுனியில் 200 கிராம் தூக்க வேண்டும். தோளுக்கு எந்த சர்வோ?

தேவையான முறுக்குவிசையைக் கணக்கிடுங்கள்: 0.2 கிலோவை 15 ஆல் பெருக்கினால் 3 கிலோ-செ.மீ. கையின் எடையையும் சேருங்கள்: 60 கிராம் என்றால் அதன் பாரம் நடுவில், 7.5 செ.மீ.யில் விழும், இன்னொரு 0.45. ஆக ஏறத்தாழ மூன்றரை. விவரத்தாளில் போட்டிருப்பது சர்வோ திணறி நிற்கும் எல்லை, அதில் பாதியைத்தான் நம்பலாம். எனவே 7க்குக் குறையாமல் வேண்டும். எஸ்ஜி90 தருவது 1.8தான். எம்ஜி996ஆர் என்ற பெரிய சர்வோ 4.8 வோல்ட்டில் 9.4 தரும், பல்சக்கரமும் உலோகம். ஆனால் 6 வோல்ட்டில் சிக்கினால் இரண்டரை ஆம்பியர் இழுக்கும். இந்தக் கரண்டை பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் வயர் குத்தும் பலகை) வழியாக விடாதீர்கள், உள்ளே இருக்கும் கிளிப் சூடேறி இளகிவிடும். இரண்டு லித்தியம் செல்லைத் தொடராக, நேராக மாட்டவும் கூடாது: முழு சார்ஜில் 8.4 வோல்ட், இந்த சர்வோவின் உச்சம் 7.2. நடுவே வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வைத்து, சர்வோவை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரில் பார்த்து 6 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்ளுங்கள்.