எஞ்சின் நிக்கிற நேரம்தான் மிச்சம்: ஹைபிரிட் கார் கேள்வி பதில்

பெற்றோல் எஞ்சினும் பற்றரியில ஓடுற மோட்டரும் சேந்த ஹைபிரிட் கார்களைப் பற்றிக் கேளுங்கோ எண்டு சொன்னன். வந்ததில பாதி கனடா, நோர்வேயில இருந்து. எல்லாம் குளிருக்குப் பெற்றோல் கூடக் குடிக்குது எண்ட முறைப்பாடு. மற்றப் பாதி ஊர்க் கேள்வி. நான் யாழ்ப்பாணத்தில கராஜ் வைச்சிருக்கிறன். ரொறன்ரோவில தம்பி வீட்டில இரண்டு மாரிகாலம் நிண்டு அவன்ர காரையும் பாத்திருக்கிறன். வந்த ஒழுங்கிலயே பதில் சொல்லுறன்.

ஸ்காபரோ: அண்ணை, என்னட்டை 2012 பிரியஸ். கோடையில 100 கிலோமீற்றருக்கு 5 லீற்றர். தை மாதம் 7 ஐத் தொடுது. பற்றரி பழுதாப் போச்சோ?

இல்லை தம்பி. உங்கட கார் சரியாத்தான் ஓடுது. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின்ர கணக்கில, 25 பாகையில இருந்து சைபருக்குக் கீழ 7 பாகைக்கு இறங்கினால் சாதாரண பெற்றோல் கார் நகர ஓட்டத்தில, லீற்றருக்கு ஓடுற தூரத்தில 15 வீதம் அளவில இழக்கும். ஹைபிரிட் 30 முதல் 34 வீதம் வரை இழக்கும். உங்கட கணக்கும் அதுக்குள்ளதான் நிக்குது.

ஹைபிரிட்டுக்கு ஏன் கூட அடி விழுது எண்டு விளங்கினால் மிச்சமெல்லாம் தானா விளங்கும். இந்தக் கார் மிச்சம் பிடிக்கிறதே எஞ்சினை நிப்பாட்டித்தான். லைற்றில நிக்கேக்க, மெதுவா ஊரேக்க, இறக்கத்தில உருளேக்க எஞ்சின் நிக்கும். குளிரில அதை நிக்க விடாமல் மூண்டு காரணம் பிடிச்சு இழுக்கும். எஞ்சினும் புகைக்குழாயில இருந்து புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டரும் சூடாகவேணும். உங்கட ஹீற்றருக்குத் தனி அடுப்பு இல்லை, எஞ்சினைச் சுத்துற சுடுதண்ணியில இருந்துதான் சூடு எடுக்குது. தண்ணி ஆறினால் லைற்றில நிண்டாலும் எஞ்சின் எழும்பி ஓடும். மூண்டாவது, குளிர்ந்த பற்றரி கரண்டை வேகமா வாங்கவும் மாட்டுது, குடுக்கவும் மாட்டுது. அதால பிறேக் பிடிக்கேக்க திரும்பி வாற சக்தியும் குறைஞ்சு போகும். இதுக்கு மேல குளிர்காத்து அடர்த்தியானது. 20 பாகைக்கும் சைபருக்குக் கீழ 20 பாகைக்கும் இடையில காத்தின்ர அடர்த்தி ஏறத்தாழ 16 வீதம் கூடும். ஹைவேயில அதைத் தள்ளிக்கொண்டுதான் போறீங்கள்.

இனி செய்ய வேண்டியது. காலமை பத்து நிமிசம் சும்மா ஸ்ரார்ட்டில விடாதையுங்கோ. கண்ணாடியை வழிச்சுத் துடைச்சிட்டு வெளிக்கிட்டு, முதல் சில கிலோமீற்றர் மெதுவா ஓடுங்கோ. ஓடேக்கதான் எஞ்சின் கெதியாச் சூடேறும். கடை, பள்ளிக்கூடம், கோயில் எண்டு மூண்டு தரம் ஆறின எஞ்சினோட வெளிக்கிடாமல் ஒரே ஓட்டத்தில முடியுங்கோ. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாத்திலயும் பெரிய மிச்சம். கரண்டில போடுற எஞ்சின் புளொக் ஹீற்றர் அங்க பூட்டலாம்; வெளிக்கிட இரண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு முதல் போடுற மாதிரி ரைமர் வையுங்கோ, இரவு முழுக்கத் தேவையில்லை. ஒயில், காரோட வந்த புத்தகத்தில சொன்ன 0டபிள்யூ-20 எண்ட இளக்கமான ஒயில்தான். தடிப்பான ஒயில் நல்லம் எண்டு ஆரும் சொன்னால் கேளாதையுங்கோ.

பிறகு ரயர். 5, 6 பாகை இறங்க 1 பிஎஸ்ஐ அளவில காத்து இறங்கும். ஐப்பசியில 20 பாகையில அடிச்ச காத்து, சைபருக்குக் கீழ 10 ஆகேக்க 5 பிஎஸ்ஐ குறைஞ்சிருக்கும். மாதம் ஒருக்கா, கார் ஓடாமல் ஆறியிருக்கேக்க பாருங்கோ.

ஒஸ்லோ: அப்ப ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டு ஜாக்கெற்றோட ஓடினால் என்ன?

வேண்டாம் தங்கச்சி. கண்ணாடி புகார் பிடிச்சு றோட்டுத் தெரியாமல் போகும். சீற் ஹீற்றர் இருந்தால் அதைப் போட்டு, உள்ளுக்கு 18, 19 பாகையில வையுங்கோ. சீற் கரண்டில சூடாகுது, அதுக்காக எஞ்சின் எழும்பாது. முன் கண்ணாடிக்கு ஊதுறதைத் தெளியும் வரைக்கும் கட்டாயம் போடுங்கோ. தெளிஞ்ச பிறகு மாத்துங்கோ.

மிஸிஸாகா: முன் கிறில்லை மட்டை வைச்சு மறைக்கினம். நல்லதோ?

பாதியை மறைச்சால் எஞ்சின் சூடு தங்கும், உண்மை. முழுக்க மறைக்காதையுங்கோ, பற்றரிக் கரண்டை மோட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற இன்வேர்ட்டரைக் குளிராக்கிற காத்தும் அதுக்குள்ளாலதான் போகுது. பனி விட்டவுடனை கழட்டுங்கோ. புதுக் கார் சிலதில தானா மூடித் திறக்கிற தகடே இருக்கு. அப்பிடியெண்டால் கை வையாதையுங்கோ.

நல்லூர்: அண்ணை, இஞ்ச மார்கழியில என்ர ரொயோட்டா அக்குவாவுக்கும் லீற்றருக்கு ஓடுறது குறையுதே. அதுவும் குளிரோ?

இல்லை. எங்கட மார்கழி இரவு 22, 23 பாகை. அது பற்றரிக்குச் சொர்க்கம். உங்களுக்குக் குறையுறது மழையால. நனைஞ்ச றோட்டில ரயர் தண்ணியை விலத்தி விலத்தி ஓடவேணும், அதுக்கும் சக்தி வேணும். வைப்பர், லைற், கண்ணாடிப் புகாருக்கு ஏசி எல்லாம் சேர்ந்து ஓடுது. ரயர் காத்தையும் பாருங்கோ. வெள்ளம் நிக்கிற ஒழுங்கையால மட்டும் ஓடாதையுங்கோ. அக்குவாவின்ர ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழ, பதிவாத்தான் இருக்கு.

திருநெல்வேலி: பெற்றோல் மிச்சம் பிடிக்க சித்திரை வெயிலிலயும் ஏசி போடாமல் கண்ணாடி திறந்து ஓடுறன். சரிதானே?

சரியில்லை. குளிர்நாட்டில பற்றரி விறைக்குது, எங்கட ஊரில வேகுது. இரண்டிலயும் கணினி பற்றரியைக் கட்டுப்படுத்திப்போட்டு எஞ்சினைத்தான் கூட ஓட விடும். உங்கட பற்றரி மூச்செடுக்கிறது காருக்குள்ள இருக்கிற காத்தைத்தான். பின் சீற்றுப் பக்கம் ஒரு வலை இருக்கே, அதுதான் மூக்கு. உள்ளுக்கு 40 பாகையெண்டால் பற்றரிக்கும் 40 பாகைக் காத்துத்தான். வெயிலில நிண்ட காரை ஒரு நிமிசம் எல்லாக் கதவும் திறந்து விட்டு, பிறகு ஏசியை 25, 26 இல போடுங்கோ.

அந்த மூக்கை அடைக்காதையுங்கோ. சீலைப் பை, அரிசி மூடை, பிள்ளையின்ர புத்தகப் பை ஒண்டும் அதில சாய்க்கக் கூடாது. எங்கட செம்மண் புழுதி உள்ள போய் ஃபானில களி மாதிரிப் படியும். வருசம் ஒருக்கா கழட்டித் துப்பரவாக்குங்கோ. பற்றரி போச்சு எண்டு என்னட்டை வந்த கன காரில ஃபான் அடைப்பில இருந்துதான் வருத்தம் துவங்கியிருக்கு.

கொக்குவில்: கூலன்ற் குறைஞ்சு போச்சு. கிணத்துத் தண்ணி கொஞ்சம் விடலாமோ?

விடாதையுங்கோ. ஒரு சொட்டும் வேண்டாம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்லு. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுறதைப் பாக்கிறீங்கள்தானே, அதே படிவுதான் ரேடியேற்றருக்குள்ளயும், இன்வேர்ட்டரைக் குளிராக்கிற சின்னக் குழாய்க்குள்ளயும் படியும். தொழில் துவங்கின காலத்தில நானே அவசரத்துக்கு ஒரு காருக்குக் கிணத்துத் தண்ணி விட்டனான். எட்டு மாதத்தால அந்தக் கார் ஆனையிறவுக்கு அங்கால சூடேறி நிண்டுது. பிள்ளைகளோட ஒரு குடும்பம் நடு வெயிலில நிண்டது இண்டைக்கும் என்ர மனசில கிடக்கு. திருத்தக் கூலி வாங்கேல்லை. கொம்பனி சொன்ன கூலன்ற்தான் விடவேணும். எஞ்சினுக்கு ஒண்டு, இன்வேர்ட்டருக்கு ஒண்டு எண்டு இரண்டு போத்தில் இருக்கு, இரண்டையும் பாருங்கோ. குறைஞ்சது ஏன் எண்டும் தேடுங்கோ, கூலன்ற் சும்மா குறையாது.

சாவகச்சேரி: அக்குவா லீற்றருக்கு 35 ஓடும் எண்டு வித்தவர் சொன்னார். எனக்கு 20 தான்.

35.4 எண்டது யப்பானில ஆய்வுகூடத்து உருளையில அளந்த கணக்கு. ஏசியோட, ரவுணுக்குள்ள 20 எண்டால் கவலைப்பட ஒண்டுமில்லை.

நெல்லியடி: சேர், நான் ஆசிரியை. தை லீவுக்கு நுவரெலியா போறம். அங்க குளிர், மலை. அக்குவா தாங்குமோ? மலையால இறங்கேக்க நியூட்ரல்ல விட்டால் பெற்றோல் மிச்சம் எண்டு இவர் சொல்லுறார்.

கார் தாங்கும் ரீச்சர். நுவரெலியாக் குளிர் அதுக்கு ஒரு குளிரே இல்லை. காலமை ஹீற்றர் போட்டால் எஞ்சின் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். ஏறேக்க பெற்றோல் போகும், அதைத் தடுக்கேலாது.

நியூட்ரல் மட்டும் வேண்டவே வேண்டாம். ரொயோட்டா ஹைபிரிட் நியூட்ரல்ல நிக்கேக்க பற்றரி சார்ச் ஆகாது. இறக்கத்தில வாற சக்தி முழுக்க பிறேக்கில சூடாப் போகும். றம்பொடை வளைவுகளில பிறேக் சூடேறிப் பிடியாமல் போனால் பெற்றோல் மிச்சத்தைப் பற்றிக் கதைக்க ஆள் இருக்காது. 'டி' கியரில இறங்குங்கோ, நீள இறக்கத்தில 'பி' யில போடுங்கோ. நான் சொல்லுறது எஞ்சினால பிறேக் பிடிக்கிற B, பார்க்கிங் P இல்லை.

கோண்டாவில்: தம்பி, நான் நாப்பது வருசம் வான் ஓடினவன். மண்ணெண்ணெயில ஒஸ்ரின் ஏ 40 கார் ஓட்டினவன். இறக்கத்தில நியூட்ரல்ல விட்டுத்தான் பெற்றோல் மிச்சம் பிடிச்சம். உங்களுக்கு அந்தக் காலம் தெரியாது.

ஐயா, தெரியும். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள ஒரு சொட்டுப் பெற்றோலில ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில கார் ஓடினதைப் பாத்து வளந்தவன்தான் நானும். உங்களிட்டை இருந்த கைப்பக்குவம் எங்களுக்கு வராது. உங்கட காருக்கு நீங்கள் செய்ததில நியாயமும் இருக்கு: காபுரேற்றர் எஞ்சின் கியரில உருண்டால் சுத்தச் சுத்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நியூட்ரல்ல கொஞ்சம்தான் உறிஞ்சும். இப்பத்தைய எஞ்சின் அப்பிடியில்லை. கியரில உருளேக்க கணினி பெற்றோலை முழுக்க வெட்டிவிடும்.

கோண்டாவில்: பற்றரி நிறைஞ்சால் பிறகு என்ன சார்ச்? அப்ப நியூட்ரல்தானே?

நல்ல கேள்வி ஐயா. கணக்குப் போட்டுக் காட்டுறன். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கம்பளைப் பக்கம் வர 1000 மீற்றருக்கு மேல இறங்கிறம். ஆக்களோட சேத்து அக்குவா 1400 கிலோ எண்டு வையுங்கோ. 1000 மீற்றர் இறங்கேக்க ஏறத்தாழ 3.8 யூனிற் கரண்டுக்குச் சமமான சக்தி வெளிவரும். அக்குவாவின்ர பற்றரி 144 வோல்ற், 6.5 அம்பியர்-மணி; முழுக்கச் சேத்தாலும் ஒரு யூனிற் வராது, அதிலயும் ஒரு பகுதியைத்தான் கணினி பாவிக்க விடும். அப்ப பற்றரி அரைவாசி இறக்கத்துக்கு முதலே நிறைஞ்சிடும். நிறைஞ்ச பிறகு அந்தச் சக்தியை எங்கயாவது விடத்தானே வேணும்? நியூட்ரல்ல விட்டால் முழுக்க பிறேக்கின்ர தலையில. 'பி' யில விட்டால் பெற்றோல் இல்லாமலே எஞ்சினைச் சுத்த விட்டுக் காத்தை அமுக்கிச் சக்தியைக் கரைக்கும். பிறேக் ஆறி இருக்கும்.

வவுனியா: அப்ப எப்பவும் 'பி' யிலயே ஓடினால் நல்லாச் சார்ச் ஆகுமே?

ஆகாது. எஞ்சின் சுத்துறதுக்குப் போற சக்தி பற்றரிக்குப் போற சக்தியில இருந்து கழியும். சமதரையில 'டி' மட்டும்.

கோண்டாவில்: கணக்கு விளங்குது. எண்டாலும் வானில பிறேக் எனக்கு ஒரு நாளும் விட்டதில்லை.

அது உங்கட கால் ஐயா. ரீச்சரின்ர வீட்டுக்காரருக்கு அந்தக் கால் இல்லை. அவருக்காகத்தான் இவ்வளவு சொல்லுறன்.

பரந்தன்: என்ர கார் சுசுகி வாகன்ஆர். லைற்றில எஞ்சின் நிக்குது, ஏசி சூடாகுது.

அது சின்ன ஹைபிரிட். எஞ்சின் நிண்டால் கொம்பிறஸரும் நிக்கும். சூடு தாங்கேலாட்டில் அந்த நேரத்துக்கு, எஞ்சினைத் தானா நிப்பாட்டுற ஸ்ரார்ட்-ஸ்ரொப்பை நிப்பாட்டுங்கோ.

மானிப்பாய்: என்ர ஹொண்டா வெசல், ரவுணுக்குள்ள ஊரேக்க இடிக்குது.

இரட்டைக் கிளச்சு. அந்தக் கியர்ப்பெட்டியைத் திறந்து பழகின ஆளிட்டைப் போங்கோ, நான் அதில கை வைக்கிறதில்லை.

உடுவில்: வாகன வரி குறையுமோ?

என்ர துறையில்லை.

பருத்தித்துறை: கடலோர வீடு. வெளிநாடு போய் மூண்டு மாதத்தால வந்தால் கார் உயிரில்லாமல் கிடக்கு. ஹைபிரிட் பற்றரி மாத்தவோ?

பொறுங்கோ அக்கா. செத்தது 12 வோல்ற் சின்னப் பற்றரியா இருக்கும். இந்தக் காரில அது எஞ்சினைச் சுத்துறேல்லை, கணினியை எழுப்புது; அது இறங்கினால் கார் கல்லு. பெரிய பற்றரி நிறைஞ்சிருந்தாலும் எழும்பாது. முதல் அதைச் சார்ச் பண்ணிப் பாருங்கோ. மாத்துறதெண்டால் காருக்குள்ள வைக்கிறபடியால் வாயுக்குழாய் உள்ள பற்றரியாப் பாத்து வாங்குங்கோ. அடுத்த தரம் போகேக்க ஆரையும் கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் ஓடச் சொல்லுங்கோ. உப்புக்காத்து எண்டபடியால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால கழுவுங்கோ. செம்மஞ்சள் நிற வயர் எதையும் நீங்களோ பக்கத்து வீட்டுப் பொடியனோ தொடக் கூடாது. அது உயிரை எடுக்கும்.

ஏழாலை: குறையுற கூலன்ற்றுக்கு மழைத்தண்ணி விடலாமோ?

கொக்குவில் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கோ. கொம்பனிக் கூலன்ற். வேற ஒண்டும் இல்லை.

பிறம்ரன்: குளிருக்குப் பெற்றோல் கூடப் போகுது, பற்றரி பழுதோ?

இது நாலாவது தரம். ஸ்காபரோத் தம்பிக்குச் சொன்ன பதிலை முழுக்க வாசியுங்கோ. டாஷ்போட்டில எச்சரிக்கை லைற் எரியாமல், கோடையில பழைய கணக்குத் திரும்பி வருதெண்டால் பற்றரிக்கு ஒண்டுமில்லை. கோடையிலயும் வரேல்லையெண்டால் ஸ்கான் பண்ணி பற்றரியில ஒவ்வொரு பகுதியின்ர வோல்ற்றேச்சையும் ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. அதுக்கு முதல் ஒருத்தருக்கும் பற்றரிக் காசு குடாதையுங்கோ.

கோண்டாவில்: தம்பி, மகன்ர அக்குவா வீட்டில நிக்குது. ஒருக்கா 'பி' யில போட்டுப் பாக்க எங்கட ஊரில இறக்கம் எங்க இருக்கு?

இல்லை ஐயா, யாழ்ப்பாணம் முழுக்கச் சமதரை. காரைக் கொண்டு கராஜுக்கு வாங்கோ, மாங்குளம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒருக்கா ஓடிட்டு வருவம். பிறேக் பிடிக்கேக்க பற்றரி எப்பிடி நிறையுது எண்டு திரையில காட்டுறன். நீங்கள் ஓட்டுங்கோ.