பெரும் பணக்காரரான பண்டைய ரோமானியத் தத்துவவாதி செனெகா எளிமையைப் பற்றி எழுதியதை ஏன் இன்றும் படிக்கிறார்கள்?

இந்தக் கேள்வி அவர் காலத்திலேயே எழுந்ததுதான். ரோமப் பேரரசர் நீரோவின் அரண்மனையில் நான்கே ஆண்டுகளில் 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சேர்த்தது எந்தத் தத்துவத்தால் என்று சுய்லியஸ் என்பவர் கேட்டதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். செனெகாவின் பதில் ஏறக்குறைய இதுதான்: நான் ஞானி இல்லை, நல்வாழ்வைப் பற்றித்தான் பேசுகிறேன், என் வாழ்வைப் பற்றி அல்ல. கொஞ்சம் வசதியான பதில்தான்!

ஆனாலும் லூசிலியஸ் என்ற நண்பருக்கு எழுதி, நம் கைக்கு வந்திருக்கும் 124 கடிதங்களைப் புரட்டினால் ஆள் வேறு மாதிரி தெரிகிறார். 18ஆம் கடிதத்தில் ஒரு பயிற்சி சொல்கிறார். சில நாள்கள் மலிவான உணவைச் சாப்பிடு, முரட்டுத் துணியை உடுத்து, பிறகு 'இதற்கா இவ்வளவு பயந்தேன்?' என்று உன்னையே கேள். சொத்தைத் துறக்கச் சொல்லவில்லை. அதை இழந்துவிடுவோமோ என்ற பயத்தைத்தான் விடச் சொல்கிறார். கடன் தவணைக்குப் பயந்து பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு இது நன்றாகவே புரியும். செனெகாவே கார்சிகா தீவில் எட்டு ஆண்டுகள் நாடுகடத்தப்பட்டுக் கிடந்தவர் என்பதால் எனக்கு இது வெறும் பேச்சாகப் படவில்லை.

குறையும் உண்டு. 47ஆம் கடிதத்தில் அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு என்கிறார். அடிமை முறையையே ஒழிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.