வாகனம்: வாசகர் கேள்வி பதில் – கிளட்ச் விடாவிட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

கேள்வி: டாடா சுமோ வைத்திருக்கிறேன். காலையில் கிளட்ச் ஒழுங்காக வேலை செய்கிறது. குமுளி மலைப்பாதையில் ஏறி இஞ்சின் நன்றாகச் சூடானதும் முதல் கியர் விழ அடம்பிடிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் 'கரகர' என்று பல் உரசுகிறது. பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கியர் விழுந்துவிடுகிறது. கிளட்ச் ஆயில் டப்பாவில் ஆயில் குறையவே இல்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். பிளேட் தேய்ந்த வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. மேட்டில் அது இன்னும் நன்றாகத் தெரியும். நீங்கள் சொல்வது அதற்கு நேர் எதிரான கோளாறு: பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை, அதாவது இஞ்சினிலிருந்து கியர்பாக்ஸைப் பிரிக்கவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் கியர்பாக்ஸின் மீது குற்றமில்லை.

பெடலுக்கு மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் (பிரேக் ஆயில்தான்), குழாய் வழியாகக் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள ஸ்லேவ் சிலிண்டருக்கு வந்து, அதன் தண்டை வெளியே தள்ளி, கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க்கை நகர்த்துகிறது. மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் விளிம்பு தேய்ந்துவிட்டால், ஆயில் வெளியே சொட்டாமல் கப்பைத் தாண்டிப் பின்னால் கசிந்து டப்பாவுக்கே திரும்பிவிடும். உங்கள் டப்பாவில் அளவு குறையாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சூட்டில் ஆயில் இன்னும் இளகுவதால் கசிவு கூடுகிறது. அடித்தடித்து மிதிக்கும்போது கசிவதைவிட வேகமாகப் புது ஆயில் போய்ச் சேருவதால் கியர் விழுகிறது. குழாயில் காற்று புகுந்திருந்தாலும் இதே போலத் தோன்றும் என்பதால் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

முன்னால் ஆளோ சுவரோ இல்லாத சமதளத்தில், இஞ்சின் ஓட, முதல் கியரில் பெடலை அடிவரை மிதித்து அரை நிமிடம் அப்படியே வையுங்கள். சற்று நேரத்தில் வண்டி தானாக முன்னே இழுக்கப் பார்த்தால், அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்று பொருள். அடுத்து, ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியை விலக்கி, பெடலின் தண்டு மாஸ்டருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பிசுபிசுப்பு இருந்தால் மாஸ்டர் வெளிப்பக்கமும் ஒழுகுகிறது. பிறகு இஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, வண்டிக்கு அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் தூசி ரப்பரை மெல்ல விலக்குங்கள். உள்ளே காய்ந்த தூசி இருந்தால் கவலையில்லை. கறுத்த ஆயில் தேங்கியிருந்தால் அதன் காலமும் முடிந்துவிட்டது.

கடைசிச் சோதனைக்கு இன்னொருவர் வேண்டும். அவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, நீங்கள் ஸ்லேவின் தண்டைக் கவனியுங்கள். வெளியே வந்த தண்டு, பெடல் அசையாமல் இருக்கும்போதே மெல்லப் பின்வாங்கினால் கோளாறு சிலிண்டர்களில்தான். தண்டு முழுத் தூரம் வந்து அங்கேயே நின்று, அப்போதும் கியர் உரசினால், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையோ ஃபோர்க்கையோ சந்தேகிக்க வேண்டியதுதான். மெக்கானிக் சொன்னதில் பாதியாவது சரி என்று ஏற்றுக்கொண்டு இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாஸ்டர் சிலிண்டரை மட்டும் புதிதாகப் போட்டேன். சில வாரங்களில் ஸ்லேவ் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதற்கு வாஷர் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர்களின் செட்) போட்டால் போதுமா?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: இரண்டும் ஒரே வயது, ஒரே ஆயிலில் ஊறியவை. மேலே கசிந்துகொண்டிருந்தவரை முழு அழுத்தத்தையும் பார்க்காமல் இருந்த பழைய ஸ்லேவ், புது மாஸ்டர் வந்ததும் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம் என்பது என் கருத்து. கூலியும் ஆயிலும் ஒரு முறையோடு போகும்.

கிட் போடலாமா என்பதைச் சிலிண்டரின் உட்சுவரே சொல்லும். துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். குழியோ கோடோ தட்டுப்பட்டால் புது ரப்பரையும் அது சில மாதங்களில் அறுத்துவிடும். கழற்றி வைத்துவிட்டுப் புதிய சிலிண்டர் வாங்குங்கள். அலுமினிய சிலிண்டரை எமரி பேப்பரால் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். குழாய் நட்டை, முனை மழுங்காதபடி அதற்கென்று உள்ள ஃபிளேர் ஸ்பேனரால் கழற்றுங்கள். ஆயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், இல்லையேல் பெயின்ட் உரிந்துவிடும்.

ஆயில் டப்பா மூடியில் பிரேக் ஆயிலின் தரத்தைக் குறிக்கும் டாட் 3 அல்லது டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் குறைந்தபட்ச வரையறை. ஆகவே வெகுநாள் திறந்து கிடந்த பாட்டில் வேண்டாம். அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக்குக்கும் அதே டப்பா என்றால் பிரேக்கும் சேர்ந்து கெடும்.

குழாயிலிருந்து காற்றை எடுக்கும்போது பெடலை மிதித்து, ஸ்லேவில் காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூடி, அதன் பிறகே பெடலை மேலே விட வேண்டும். இந்த வரிசை தவறினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். எவ்வளவு செய்தும் பெடல் பொசபொசவென்று இருந்தால், சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி ஸ்லேவின் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாகச் செலுத்துங்கள். காற்றின் இயல்பே மேலே போவதுதான் என்பதால் இந்த முறை பல வண்டிகளில் சட்டென்று பலன் தருகிறது. டப்பா நிரம்பி வழியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுதியில் பெடலுக்குச் சிறிதளவு வெற்று அசைவு விட்டுத் தண்டைப் பொருத்துங்கள். அது இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை திறக்காது. அழுத்தம் உள்ளேயே தங்கி, நல்ல பிளேட்டும் வழுக்கித் தேயும்.

கேள்வி: ஃபோர்டு ஃபிகோவில் ஸ்லேவ் சிலிண்டரை வெளியே காணவே இல்லையே?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அது கியர்பாக்ஸின் உள்ளே, இஞ்சினின் சுழற்சியை உள்வாங்கும் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி, கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கிறது. மேலே கம்பம் வாசகருக்குச் சொன்னது இங்கே பொருந்தாது: அது ஒழுகினால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் பிரேக் ஆயில் சொட்டுவது முக்கிய அடையாளம். இறக்கியபின் கிளட்ச் பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரே தாங்கும் பொருள் இல்லாததால் ஒரே மிதியில் புது சிலிண்டரும் பிதுங்கிப் பாழாகிவிடும்.