சமீபத்தில் பார்த்த தமிழ்ப் படங்களில் எவற்றைப் பார்க்கச் சொல்வீர்கள்?

கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "சனி, ஞாயிறு வீட்டில்தான் இருப்பேன். கொஞ்சம் முன்பின் வந்ததானாலும் பரவாயில்லை, மனசில் நிற்கிற மாதிரி நாலைந்து படம் சொல்லுங்கள்."

சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள்? அது தெரியாமல் படம் சொல்வது, யாருக்கு என்ன உடம்புக்கு என்று கேட்காமல் கஷாயம் வைத்துக் கொடுக்கிற மாதிரி. "செம படம், மிஸ் பண்ணாதீங்க" என்று எனக்கு வந்த பரிந்துரைகளில் பாதி வீணாய்ப் போனதற்குக் காரணம் படமில்லை, பக்கத்தில் இருந்த ஆள். அதனால் படத்தோடு ஆளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மெய்யழகன். இதை அப்பாவோடு பாருங்கள். அப்பா இல்லையென்றால் பெரியப்பா, மாமா, ஊரை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன யாராவது ஒருவரோடு.

2024 செப்டம்பர் 27ஆம் தேதி, வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் மாலைக் காட்சிக்கு வடபழனி கமலாவுக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். அவருக்கு 76 வயது. அம்மா இருந்தவரை இரண்டு பேரும் அசோக் பில்லர் உதயத்துக்குத்தான் போவார்கள். உதயத்தில் டிக்கெட் கிடைக்காவிட்டால் அதே வளாகத்தில் சூரியன், அதுவும் இல்லையென்றால் சந்திரன். அம்மா போனபிறகு அப்பா தியேட்டர் பக்கமே வரவில்லை. பிறகு உதயத்தையும் மூடிவிட்டார்கள், இப்போது கட்டிடமே இல்லை. எப்படி இவரை வெளியே கிளப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், கதை நடப்பது தஞ்சாவூரிலும் நீடாமங்கலத்திலும் என்று சொன்னேன். "நீடாமங்கலமா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். அவருக்கு மன்னார்குடிப் பக்கம்.

கதை சின்னது. 1996இல் சொத்துத் தகராறில் வீட்டை இழந்து ஒரு குடும்பம் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு வந்துவிடுகிறது. அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, அரவிந்த்சாமி, 22 வருஷம் கழித்து ஒரு தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் போகிறான். தலையைக் காட்டிவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். மண்டபத்தில் ஓர் ஆள், கார்த்தி, "அத்தான், அத்தான்" என்று வந்து ஒட்டிக்கொள்கிறான். அவன் யார் என்று இவனுக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம். பஸ்ஸைத் தவறவிட்டு அவன் வீட்டிலேயே இரவு தங்க வேண்டியதாகிறது. அவ்வளவுதான். இதை வைத்து சி. பிரேம்குமார் ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம் எடுத்திருக்கிறார்.

மேடையில் தங்கைக்கு அவன் கொண்டுபோன நகைகளைக் கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடாமல் அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்கிறாள். மேடையில் நிற்கிற பெண்ணுக்கு மொய்க் கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, பந்திக்கு ஓடுவதுதான் நமக்குப் பழக்கம். அந்த மேடையில் அண்ணனும் தங்கையும் அவசரமே இல்லாமல் நிற்கிறார்கள். எனக்கு அந்த இடத்திலேயே தொண்டை அடைத்துவிட்டது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் உடைந்தது சைக்கிளில். ஊரை விட்டுப் போகும்போது அருள் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் இன்னொரு வீட்டில் என்னவாக ஆனது என்று கார்த்தி சொல்லும் காட்சி அது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்ளவே இல்லை, மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் திரை தெரியாது. ஐந்தாறு நிமிடம் காதால் மட்டும்தான் படம் கேட்டிருப்பார்.

ஆட்டோவில் நூறடி ரோட்டில் வரும்போது, "எனக்கும் ஒருத்தன் இப்படி இருந்தான்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார். அத்தை மகன். பாகப்பிரிவினைச் சண்டையில் எங்கள் பக்கம் பேசியதால் தன் அண்ணனோடேயே பேச்சு அறுந்துபோனவர். அவர் மகள் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் போட்டாராம். "லீவு கேட்கவே இல்லடா" என்றார். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே கிடையாது.

மறுநாள் காலையில் பீரோவிலிருந்து பழைய பேங்க் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் இருந்த நம்பர்கள் எதுவும் இப்போது வேலைக்காகாது. தஞ்சாவூரில் ஒரு சித்தி, அவர் மூலம் இன்னொருவர் என்று மத்தியானத்துக்குள் நம்பர் கிடைத்துவிட்டது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது திட்டு. "ஏன் அத்தான், ஊர்ப் பக்கம்தான் வரல, போன்ல கூடவா வர முடியல?" அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பத்து நிமிடம் வாங்கிக்கொண்டார். கடைசியில், "பொங்கலுக்கு வர்றேன்" என்றார். போனார். நான்தான் எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டேன்.

அதனால் இந்தப் படத்தைப் பற்றி என்னால் பக்கச்சார்பில்லாமல் பேச முடியாது. இரண்டாம் பாதி இழுக்கிறது என்று பலர் சொன்னார்கள். வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். நாங்கள் பார்த்தது வெட்டுவதற்கு முந்தைய படம். ராத்திரிப் பேச்சில் வரலாறு, ஜல்லிக்கட்டு என்று போகிற சில இடங்களில் எனக்கும் கவனம் சிதறியது உண்மை. ஆனால் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அப்படித்தான் பேசுவார். எங்கே ஆரம்பித்தோம் என்று அவருக்கே தெரியாது. வெட்டியது தேவையில்லை என்பது என் கருத்து. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: படம் முடிந்ததும் அவரிடம் "எப்படி இருந்துச்சுப்பா?" என்று கேட்காதீர்கள். சும்மா கூட நடந்து வாருங்கள்.

அடுத்து லப்பர் பந்து. மெய்யழகனுக்கு ஒரு வாரம் முந்தி, செப்டம்பர் 20 அன்று வந்தது. இதற்குக் கூட்டம் வேண்டும். தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களாக நாலு பேர் கூட இருந்தால் போதும். நான் காசி தியேட்டரில் தம்பியின் டீம் பையன்களோடு பார்த்தேன். தினேஷ் நடித்த கெத்து பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது 'நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்' வருகிறதே, 1989இல் விஜயகாந்த் நடித்து வந்த பொன்மனச் செல்வனில் இளையராஜா போட்ட பாட்டு, அதற்குத் தியேட்டரே எழுந்து நின்றது. விஜயகாந்த் 2023 டிசம்பர் கடைசியில்தான் காலமாகியிருந்தார். விசில் அடித்தவர்களில் சிலர் அழுதுகொண்டே அடித்ததைப் பார்த்தேன். மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் நடுவில் நடக்கிற ஈகோ சண்டை என்று சிரித்துக்கொண்டே பார்த்தால், யாரை டீமில் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள், அதற்கு என்ன காரணம் என்பதை இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து அதற்குள்ளேயே வைத்திருக்கிறார். சுவாசிகாவின் யசோதைக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

கொட்டுக்காளி இதற்கு நேர் எதிர். தனியாகப் பாருங்கள். டிவியில் ஓடவிட்டுத் துணி மடித்துக்கொண்டே பார்க்கிற படம் இல்லை. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, கூட வருகிற சேவல், கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் பேசுகிற சூரி, இவைதான் காதில் விழும். அன்னா பென் நடித்த மீனா படம் முழுக்க அநேகமாக வாயே திறப்பதில்லை. அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். வழியில் ஒரு மாடு குறுக்கே நின்றுவிடுகிறது, இத்தனை ஆண்களும் பயந்து நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அந்தச் சில நிமிடங்களைப் பார்த்தபிறகு மீனாவின் மௌனம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. பி. எஸ். வினோத்ராஜின் முந்தைய படம் கூழாங்கல் 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்தப் பெயரைப் பார்த்துப் பயந்து ஒதுக்கிவிட வேண்டாம். நான் போன மதியக் காட்சியில் இருபது பேர் இருந்திருப்போம். முடிவில் பின்னாலிருந்து ஒருவர், "அவ்ளோதானா?" என்று சத்தமாகவே கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது. பதிலை நம்மிடம் விட்டுவிட்டு முடிகிற படம் இது. அவர் கேட்டது வீடு வரைக்கும் என்னோடேயே வந்தது.

மகாராஜாவும் நல்ல படம்தான், திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இரண்டு முறை பார்க்க வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மட்டும் போடாதீர்கள்.

அப்புறம் 3 பிஎச்கே. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கணவனும் மனைவியுமாகப் பாருங்கள். சொந்த வீட்டுக்கென்று சேர்த்த பணம் ஒவ்வொரு தடவையும் வேறு செலவுக்குப் போக, வீட்டு விலை ஏறிக்கொண்டே போகிற ஒரு சென்னைக் குடும்பத்தின் கதை. சூரியவம்சத்துக்குப் பிறகு சரத்குமாரையும் தேவயானியையும் இப்படி ஒரு வீட்டுக்குள் பார்ப்பதே எனக்கு நிறைவாக இருந்தது. மகனாக வருகிற சித்தார்த்துக்குத் தோல்வி மேல் தோல்வியாக அடுக்கியிருப்பது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. ஆனாலும் கணக்குப் போடுகிற காட்சிகளில் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கே.கே. நகரில் எங்களுக்கு இது நான்காவது வாடகை வீடு. பத்து மாத அட்வான்ஸை ஒவ்வொரு முறையும் எங்கிருந்து புரட்டினோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியாக டூரிஸ்ட் ஃபேமிலி. 2025 மே 1 அன்று வந்தது, அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இதை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களோடு பார்க்கச் சொல்வேன். இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் கள்ளத்தனமாகப் படகேறி வந்த ஒரு தமிழ்க் குடும்பம் சென்னையில் ஒரு காலனியில் ஒளிந்து வாழ்கிறது. தமிழ்நாட்டுக்கு வந்து, தங்கள் தமிழை வாய்விட்டுப் பேசப் பயப்பட வேண்டியிருக்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் அந்தப் பயத்தை முகத்தில் வைத்துக்கொண்டே எல்லோரிடமும் பிரியமாக இருக்கிறார்கள். எல்லோருமே இவ்வளவு நல்லவர்களா என்று சில இடங்களில் தோன்றும். எனக்கும் தோன்றியது, அந்தக் காலனியில் ஒரு சாவு விழும் வரைக்கும்.

அந்தக் காட்சியில் மனைவி ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டாள். எங்கள் பிளாட்டில் பன்னிரண்டு வீடு. போன வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு முதல் மாடிப் பெரியவர் இறந்துபோனார். அந்த அம்மா மட்டும் வீட்டில். நாங்கள் பத்துப் பேர் மாடிப்படியில் நின்றோம். யாருக்குச் சொல்ல வேண்டும், ஐஸ் பெட்டிக்கு எங்கே போன் செய்ய வேண்டும், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த ஊர், ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு வருஷமாக லிஃப்டில் சிரித்துக்கொண்ட மனுஷன். படத்தில் சசிகுமார் ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் போய்த் தட்டுகிறார்.

மனைவி அப்படியே எழுந்து கீழே போய் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தோம். நிறுத்திய காட்சியைத் தள்ளிவிட்டு மீதிப் படத்தைப் போடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். அவர், "வேண்டாம், முதல்லேருந்து போடுங்க" என்றார். போட்டோம்.